காதால் நடக்கும் கூட்டம்

ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு முந்தின இரவு. நல்லவாட்டுக் கடற்கரையில், மேட்டில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் ஓரமாக உட்கார்ந்தால் வடக்கேயிருந்து ஒரு சத்தம் வரும். முதலில் அதை அலையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. கொஞ்ச நேரம் காது கொடுத்தால் ஏதோ ஒரு பாட்டின் நடுவரி கேட்கும், அறுந்து போகும். பிறகு பல பேர் சேர்ந்து போடும் கூச்சல் மெல்லியதாக எழும்பி அடங்கும். மூன்று நொடி கழித்து மறுபடியும். சுண்ணாம்பாற்றுக்கு அந்தப் பக்கம், வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் கோயில் திருவிழா. விடிந்தால் தேர். இன்று இரவு ராட்டினம்.

இதே சத்தம் மாலை ஐந்து மணிக்கு இங்கே கேட்காது. அப்போதும் அங்கே பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், ராட்டினமும் சுற்றியிருக்கும். காரணம் காற்றில் இருக்கிறது. சூடான காற்றில் ஒலி விரைவாகப் போகும், குளிர்ந்த காற்றில் சற்று மெதுவாக. 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர், 20 டிகிரியில் 343. பகலில் மணலை ஒட்டிய காற்று கொதிக்கும், மேலே போகப் போகக் குளிரும். தரையோரம் ஓடும் ஒலி முந்திக்கொள்ள, மேலே ஓடுவது பின்தங்க, மொத்த ஒலியும் வானத்தைப் பார்த்து வளைந்துவிடும். நம் தலைக்கு மேலே போய்விடும். இரவில் தரை குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழ். கீழே குளிர், மேலே இளஞ்சூடு. ஒலி மண்ணைப் பார்த்து வளைந்து இறங்கும். ஆடி மாலைகளில் தெற்கேயிருந்து கடற்காற்று வேறு எதிர்த்து அடிக்கும். எதிர்க்காற்றும் ஒலியை மேலே தூக்கிவிடும். அந்தக் காற்று அடங்கிய பிறகுதான் வீராம்பட்டினம் திருவிழா நல்லவாட்டுக்கு வந்து சேர்கிறது.

வந்து சேர்ந்ததைக் காதால் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தால் கண் முந்திக்கொள்ளும். தூரத்தில், இருட்டில், காது மட்டும் இருக்கும்போது ஒவ்வொரு சத்தமும் தன் எலும்பைக் காட்டுகிறது.

மூன்று நொடிக்கு ஒரு தடவை எழும் கூச்சல் கொலம்பஸ் என்ற கப்பல் ராட்டினத்திலிருந்து வருவது. அந்தக் கப்பல் ஒரு பெரிய ஊஞ்சல். ஊஞ்சல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அது தொங்கும் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஏறியிருப்பவர்கள் பத்துப் பேரா ஐம்பது பேரா என்பது கணக்கிலேயே வராது. எட்டு மீட்டர் நீளத்தில் தொங்கும் ஊசல் நன்றாக வீசி ஆடும்போது ஒரு முழு ஆட்டத்துக்கு ஆறு நொடி ஆகும். கப்பலின் ஒரு முனை உச்சிக்குப் போய் ஒரு கணம் தொங்கும்போது அந்த முனைக்காரர்கள் கத்துவார்கள். மூன்று நொடியில் மறு முனை. கும்மியில் இரண்டு வரிசைப் பெண்கள் மாறி மாறிப் பாடுவதைப் போல இது ஒரு முறைவைப்பு. ஓட்டுபவர் எவ்வளவு வேகம் கொடுத்தாலும் ஆட்டத்தின் உயரம் ஏறுமே தவிர தாளம் அதிகம் மாறாது. கூச்சல் போடுகிறவர்களுக்குத் தாங்கள் தாளத்தில் கத்துகிறோம் என்பது தெரியாது. தொலைவில் இருப்பவருக்குத்தான் அது தாளமாகக் கேட்கிறது.

ராட்சத ராட்டினத்தின் கூச்சல் வேறு வகை. அது விட்டு விட்டு வருவதில்லை. ஒரு தொட்டியில் முடிவதற்குள் அடுத்த தொட்டியில் தொடங்கி, சங்கிலி போல ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை ராட்டினத்தடியில் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள்: ஏறும் பக்கத்தில் பேச்சும் சிரிப்பும்தான் இருக்கும், கூச்சல் இறங்கும் பக்கத்தில். ஏழு மீட்டர் ஆரமுள்ள சக்கரம் பத்து நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால், உச்சியில் இருப்பவருக்குத் தன் எடையில் கால்வாசிக்கு மேல் காணாமல் போன உணர்வு இருக்கும். மேல் பாதி முழுக்கவே, ஏறும்போதும் இறங்கும்போதும், உடல் இலேசாகத்தான் இருக்கிறது. ஏறும்போது கண்ணுக்கு வானம் தெரிகிறது. இறங்கும்போது தரை எழுந்து வருகிறது. வயிறு சொல்வதும் கண் சொல்வதும் ஒன்றாகச் சேரும் அந்த இடத்தில்தான் வாய் திறக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பெரிய அண்ணன் ரோலர் கோஸ்டர். திருவிழாத் திடலுக்கு அது வராது. தண்டவாளத்தோடு ஓரிடத்தில் வேரூன்றி நிற்க வேண்டிய சாதனம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வரை போகிறவர்கள் குழந்தைகளைப் பூங்காக்களுக்குக் கூட்டிப்போவது முப்பது ஆண்டுப் பழக்கம். இப்போது திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறந்திருக்கிறது. அங்கே சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்டு மபியார் நிறுவனம் வடிவமைத்த ஒரு கோஸ்டர் நிற்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, இருக்கைகள் அதன் அடியில் தொங்கும் வகை. அந்த நிறுவனம் இந்த வகையை முதன்முதலில் அமெரிக்காவில் 1992இல் ஓடவிட்டது. இள்ளலூரில் அதற்கு வைத்திருக்கும் பெயர் தண்டோரா. அந்தப் பெயருக்குப் பிறகு வருகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோஸ்டரைக் கேட்டால் அது நான்கு பகுதியாகக் கேட்கும். முதலில் 'டக், டக், டக்' என்று ஓர் இரும்புச் சத்தம். வண்டித்தொடரைச் சங்கிலி மேட்டுக்கு இழுத்துப்போகிறது. சங்கிலி அறுந்தால்? வண்டி பின்னோக்கி உருளக் கூடாது. அதற்காக வண்டியின் அடியில் ஒரு கனத்த இரும்பு நாக்கு உண்டு. மேட்டுப் பாதை நெடுக இருக்கும் பற்களின் மேல் அது ஒவ்வொன்றாக ஏறி விழுந்துகொண்டே போகும். விழும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டக்'. முன்னே போகலாம், பின்னே வர முடியாது. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1910இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் இந்த வேலையைத் தேருக்கு முட்டுக்கட்டை செய்கிறது. தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கும் ஆட்கள் ஒவ்வொரு நகர்வையும் கையால் செய்வதை, இந்த இரும்பு நாக்கு தானாகச் செய்கிறது. கேட்பவருக்கு அந்த 'டக் டக்' பயத்தை எண்ணிக் கொடுக்கும் சத்தம். உண்மையில் அது காவல்காரனின் தடிச் சத்தம்: இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போகிறது.

உச்சியில் அது நிற்கும். ஒரு நொடியோ இரண்டு நொடியோ அமைதி. எனக்கு அந்த அமைதிதான் முழுச் சவாரியிலும் பெரிய சத்தம்.

பிறகு உறுமல். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டி, உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், அடியில் மணிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 40 மீட்டரிலிருந்து விழுந்தால் 100. சக்கரத்தின் மேல் பூச்சு பாலியூரிதேன் போன்ற கெட்டியான நெகிழிதான், தண்டவாளம் எஃகு. உருளும் சக்கரத்தின் நுண்ணிய அதிர்வுகள் தண்டவாளத்தைத் தாங்கும் எஃகுக் குழலுக்கு ஏறுகின்றன. குழலின் உள்ளே காலி. மிருதங்கத்துக்கும் குடத்துக்கும் எது உடலோ அதுவே இதற்கும் உடல். பெட்டி வடிவில் அகலமாகச் செய்த குழல் இன்னும் பெரிதாக முழங்கும். பொல்லிகர் அண்டு மபியார் கோஸ்டர்களின் தனித்த உறுமலுக்குக் காரணம் அந்தப் பெட்டிக் குழல்தான். பக்கத்தில் குடியிருப்பு இருந்தால் குழலுக்குள் மணலை நிரப்பிவிடுகிறார்கள். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். ஒலிக்கிற குடத்தில் மணலைக் கொட்டிப் பாருங்கள், அதே கதைதான். ரயில் பொறியாளர்களிடம் ஒரு கணக்கு உண்டு: வேகம் இரட்டித்தால் உருளல் சத்தம் சுமார் 9 டெசிபல் ஏறும், ஒலி ஆற்றல் எட்டு மடங்காகும்.

நான்காவது பகுதி மனிதர்கள். அமெரிக்காவின் சான்டா கிளாராவில் 2013இல் கோல்டு ஸ்ட்ரைக்கர் என்ற மரக் கோஸ்டரைக் கட்டியபோது முதல் சரிவையே சுரங்கம் போல மூடிக் கட்டினார்கள். பக்கத்து அலுவலகங்களைத் தொந்தரவு செய்யும் சத்தத்தில் சக்கரம் பாதி, தொண்டை பாதி.

அந்தத் தொண்டைச் சத்தம் உங்களைக் கடந்து போகும்போது ஒன்று நடக்கும். நெருங்கி வரும்போது சுருதி ஏறியிருக்கும், தாண்டியதும் இறங்கும். ஆம்புலன்ஸில் கேட்டுப் பழகிய டாப்ளர் விளைவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், நம் ஊர் வெப்பத்தில், வரும் குரல் ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறும், போகும் குரல் அரை ஸ்வரம் இறங்கும். இரண்டையும் சேர்த்தால் சதுச்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு வரும் இடைவெளி, கிட்டத்தட்ட அச்சாக. கத்துகிறவர் ஒரே சுருதியில் கத்தினாலும் தரையில் நிற்பவர் காதில் அது 'ரி–ச' என்று இறங்குகிறது. வேகமானியே இல்லாமல் காதால் வேகம் அளக்க இசை தெரிந்தவருக்கு இது போதும்.

அலறலுக்குள் இன்னொரு அடையாளமும் இருக்கிறது. நாம் பேசும்போது ஒலியின் பலம் நொடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கும், அசைக்கு அசை. அலறலில் அது நொடிக்கு 30 முதல் 150 முறை துடிக்கிறது. காதுக்கு அது சொரசொரப்பாகப் படுகிறது. உப்புத்தாளைத் தடவியது போல. லூக் ஆர்னாலும் டேவிட் பொப்பலும் அவர்களுடைய குழுவினரும் 2015இல் இதை அளந்து காட்டினார்கள். அந்தச் சொரசொரப்புக் கூடக் கூட, அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி கூடுதலாகக் கிளர்கிறது. பேச்சு அந்தத் துடிப்பு வீச்சுக்குள் போவதே இல்லை. இயற்கை அதை அபாயத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, கைக்குழந்தையின் அழுகைக்கும்.

அப்படியானால் ராட்டினத்தில் கத்தும் ஐம்பது பேர் அபாய மணியை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஓடவில்லை. டிக்கெட் வாங்குகிறோம். ஏன்? சூரிக் பல்கலைக்கழகத்தில் சாஷா ஃப்ரூஹ்ஹோல்ஸ் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு மனித அலறல்களை ஆறாகப் பிரித்தது: வலி, கோபம், பயம், இன்பம், துயரம், மகிழ்ச்சி. கேட்பவர்கள் எதை வேகமாகவும் சரியாகவும் இனம் கண்டார்கள் என்று பார்த்தபோது, எதிர்பார்த்ததற்கு மாறாக, பய அலறல் முந்தவில்லை. மகிழ்ச்சி அலறல் முந்தியது. குரங்குகள் பெரும்பாலும் ஆபத்துக்குத்தான் அலறும். மகிழ்ச்சியிலும் அலறக் கற்றுக்கொண்ட மனிதர்களின் காது, அதைக் கண்டுகொள்வதில் தேர்ந்திருக்கிறது. இந்த முடிவை மனதில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் இது கவலை தரும் இடத்துக்குக் கூட்டிப்போகும்.

திருவிழாவில் எந்த ராட்டினத்துக்குக் கூட்டம் சேரும் என்பதைக் கூச்சல்தான் சொல்கிறது. காலியாகச் சுற்றும் ராட்டினம் காலியாகவே சுற்றும். கத்துவதற்கு ஒரு தொட்டி ஆட்கள் ஏறிவிட்டால் போதும், கீழே வரிசை முளைக்கும். 1969இல் ஸ்டான்லி மில்கிராம் நியூயார்க் நடைபாதையில் ஒரு சோதனை செய்தார். ஒரே ஒரு ஆள் நின்று அண்ணாந்து மாடி சன்னலைப் பார்த்தால், போகிறவர்களில் 4 சதவீதம் பேர்தான் நின்றார்கள். பதினைந்து பேர் நின்று பார்த்தால் 40 சதவீதம் பேர் நின்றார்கள். சன்னலில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. இது கண்ணால் பரவும் ஈர்ப்பு. கண்ணால் பரவ முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். காதுக்கு முன் பின் கிடையாது. முதுகுக்குப் பின்னால் எழும் கூச்சலும் இழுக்கும்.   

விடிந்தால் தேர். பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. வடத்தில் கை வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களில் தேரைப் பார்க்கக்கூடியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான். ஆனால் நிற்கும் தேரைக் கிளப்ப எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும். நிற்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை, ஓடும் பொருளை ஓட்டத் தேவைப்படுவதைவிட அதிகம். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் ஆயிரம் பேரின் பலமும் வடத்திலேயே கரைந்துபோகும். அந்த ஒரே நொடியை யார் கொடுப்பது? மேளம் கொடுக்கிறது, 'ஓம் சக்தி' கொடுக்கிறது. ஆயிரம் தோள்களைக் காது கோத்துவிடுகிறது.

கூட்டம் நடப்பதைப் பற்றி இப்போது இயற்பியலாளர்கள் நிறையச் சொல்கிறார்கள். எதிரெதிரே வரும் இரண்டு கூட்டங்கள் யாரும் சொல்லாமலே பாதை பிரித்துக்கொள்ளும். முன்னே போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் இடிபடாமல் போகலாம் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க, சேர்ந்து பார்த்தால் அது சாலை விதியாகிறது. டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னாரும் 1995இல் இதைக் கணினியில் நடத்திக் காட்டினார்கள். நம்மைப் பற்றியே ஒரு ஆய்வு உண்டு. கான்பூர் ஐஐடி ஆய்வாளர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து 2009இல் வெளியிட்டது. ஒற்றை வரிசையில் சுற்றி வரச் சொன்னபோது ஜெர்மானியர்கள் இடம் குறையக் குறைய நடையைத் தளர்த்தினார்கள். இந்தியர்கள் அவ்வளவு தளர்த்தவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் உரசும் தூரத்திலும் நம்மால் சளைக்காமல் நடக்க முடிகிறது. பேருந்து நிலையத்தில் இது வசதி. நெரிசல் என்று வரும்போது இதே பழக்கம் நம்மைத் தாமதமாக எச்சரிக்கிறது என்று நான் அஞ்சுகிறேன்.

நீட்டி வைத்த ஒரு எட்டு நீளம், அதே அளவு அகலம்: அதுதான் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதில் இரண்டு பேர் நின்றால் திருவிழா. நான்கு பேரைத் தாண்டும்போது ஒன்று மாறுகிறது. ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் சான் ஃபெர்மின் விழா ஜூலை 6 நண்பகலில் ஒரு ராக்கெட் வெடிச் சத்தத்தோடு தொடங்கும். அதற்காகச் சதுக்கத்தில் காத்து நிற்கும் கூட்டத்தை மாடிகளிலிருந்து படம் பிடித்து, லியோன் நகர இயற்பியலாளர் டெனிஸ் பார்தோலோ குழு 2025இல் முடிவை வெளியிட்டது. அந்த அடர்த்திக்கு மேல் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து, யாரும் தள்ளாமல், யாரும் முடிவெடுக்காமல், மெல்ல வட்டமாகச் சுழலத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 நொடி. உள்ளே இருப்பவருக்கு யாரோ தள்ளுவதாகத்தான் தோன்றும். உண்மையில் தள்ளுவது எல்லோரும் சேர்ந்த ஒரு பெரிய உடல். கால் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, கையை முகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை என்றால் நீங்கள் அந்த உடலுக்குள் இருக்கிறீர்கள். அதற்கு முன்பே ஓரம் பார்த்து நகர வேண்டும்.

நெரிசலில் பெரும்பாலானோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே, மார்பு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி இறக்கிறார்கள். ஏன் பின்னால் இருப்பவர்கள் தள்ளுவதை நிறுத்துவதில்லை? கொடுமையினால் அல்ல. முன்னால் நடப்பது அவர்கள் காதுக்கு வரவில்லை. கூட்ட விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1993இல் எழுதியதன் சாரம் இது: முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே செய்தி ஓடாதபோதுதான் கூட்டம் கொல்கிறது. கும்பகோணத்தில் 1992 பிப்ரவரி 18 மகாமக நெரிசலை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இங்கே அந்தச் சூரிக் ஆய்வு திரும்பி வருகிறது. மகிழ்ச்சி அலறலை முந்திக் கண்டுகொள்ளும் காது, நாலாபுறமும் மகிழ்ச்சி அலறல் நிறைந்த திடலில், ஒரு நிஜ அலறலையும் அதோடு சேர்த்துக்கொண்டுவிடும். ராட்டினங்களுக்கு நடுவே 'காப்பாத்துங்க' என்ற சொல் கரைந்துபோகும்.

ஆனால் அதே திடலில் அந்த இரைச்சலை வெல்லும் ஒரு சத்தத்தை எல்லோரும் கேட்டிருப்போம். பாட்டு திடீரென்று நிற்கும். மைக்கில் ஒரு குரல்: 'சிவப்புச் சட்டை போட்ட பையன், வயசு நாலு, அம்மா பேரு சொல்லுறான்...' வளையல் கடையில் பேரம் நிற்கும். பஜ்ஜி போடுகிற கை நிற்கும். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இரைச்சலை வென்றது அந்தக் குரலின் பலம் என்று சொல்ல முடியாது, பாட்டு அதைவிடப் பலமாகத்தான் இருந்தது. அது ஒரு மனிதக் குரல், நம் மொழியில், என்ன நடந்தது என்றும் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரின் மோனுமென்ட் சுரங்க ரயில் நிலையத்தில் வெளியேற்றச் சோதனைகள் நடத்தினார்கள். அபாய மணி மட்டும் அடித்தபோது பயணிகள் நின்றார்கள், சுற்றிப் பார்த்தார்கள், ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் நிலைமையைச் சொல்லி எந்த வழியாகப் போவது என்றும் சொன்னபோது சில நிமிடங்களில் நிலையம் காலியானது.

தண்டோரா செய்த வேலையும் அதுதான். பறையோசை ஆட்களை வாசலுக்கு இழுக்கும், பின்னால் வரும் குரல் சேதியைச் சொல்லும். அந்த வேலை ஒரு சாதி மக்களின் தலையில் இழிவாகக் கட்டப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தி வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வர வேண்டிய முடிவு, காலம் கடந்து வந்தது. பெயர் இப்போது ஒரு கோஸ்டரின் மேல் இருக்கிறது. முதலில் சத்தத்தால் இழு, பிறகு சொல்லால் நகர்த்து என்ற அதன் இலக்கணம் மட்டும் பழையதாகவில்லை.

நல்லவாட்டுக்கு இது புத்தகப் பாடம் அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் கிளைகள். இணையம் கிராமத்துக்கு வராத காலம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் எழுதி, கரையோர ஊர்களில் குழாய் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கூம்பு போல விரியும் அந்தக் குழாய்க்கு இசையின் ஆழம் பிடிபடாது. பேச்சின் மெய்யெழுத்துகள் தெறிக்கும் வீச்சில்தான் அது பலமாக ஒலிக்கும். மனிதக் காது கூர்மையாக இருப்பதும் அங்கேதான். கடலுக்குப் போகிறவர்கள் காலையில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் படகைத் தள்ளுவது நாளடைவில் பழக்கமாகிவிட்டது. அந்தக் குரல் சொன்னதும் கடல் செய்ததும் ஒத்துப்போன நாட்கள் சேரச் சேர, அந்தக் குழாய்க்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டானது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. இந்திய நேரப்படி காலை 6.29க்குச் சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் பூமி நடுங்கியது. அங்கே கிளம்பிய அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் அரசாங்கத்திடமிருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறிவருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே வெளியேறுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். அறிவு மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அபாயச் சங்கை ஒலிக்கவிட்டார்கள். ஊர் மேற்கே ஓடியது. வீடுகள் சுமார் 150, படகுகள் சுமார் 200 போயின. ஏறக்குறைய 3,600 பேர் உயிரோடு இருந்தார்கள்.

அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணில் நிற்கிறது. சங்கு மட்டும் ஊதியிருந்தால் என்ன ஏது என்று பார்க்கப் பலர் கடற்கரைக்கே போயிருப்பார்கள். கடல் உள்வாங்கிய இடங்களில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் எத்தனையோ ஊர்களில் திரும்பவில்லை. இங்கே அன்றாடம் அலை உயரம் சொன்ன அதே குழாய், தெரிந்த மொழியில், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொன்னது.

போன ஆடியிலும் அதே படகோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் கைவிளக்கு வெளிச்சத்தில் வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு முன்னால் இருக்கும், வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. ஏதோ ஒரு குரல் பேசியது. இவ்வளவு தூரத்தில் சொல் தெரியவில்லை, பேச்சு என்பது மட்டும் தெரிந்தது. பெரியவரின் ஊசி நின்றது. கொலம்பஸ் கூச்சல் ஒருமுறை போய் வந்தது, இன்னொருமுறை போய் வந்தது. மறுபடி அந்தக் குரல், இந்த முறை கொஞ்சம் வேகமாக. பிறகு பாட்டு, விட்ட இடத்திலிருந்து.

"புள்ள கெடச்சிருச்சு போலருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.